இடப்பக்கத்து இரண்டு வரிசைகள்

தகர டப்பாவின் மூடியை நகத்தால் சுண்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, ஏறக்குறைய அதே சத்தம்தான். ஒரே மாதிரியான இரண்டு படங்களை அடுத்தடுத்துத் தொட்டால் அந்தச் சத்தத்தோடு இரண்டும் திரையிலிருந்து காணாமல் போகும். சாயங்காலக் கும்மிடிப்பூண்டி வண்டியில் ராயபுரத்தில் ஏறி உட்கார்ந்தால், திருவொற்றியூரில் இறங்குவதற்குள் யாராவது ஒருவருடைய செல்போனிலிருந்து அது கேட்டுவிடும். சத்தத்தை அணைத்துவிட்டு ஆடும் வழக்கம் எங்கள் ரயிலுக்கு இன்னும் வரவில்லை. நானோ பகலெல்லாம் ஓர் ஆபீசில் உட்கார்ந்து, காகிதத்தில் இருக்கும் கன்டெய்னர் எண்ணும் திரையில் இருக்கும் கன்டெய்னர் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துப் பார்த்து டிக் போடுகிறவள். கண்ணுக்குள் மணலைப் போட்டது போன்ற எரிச்சலோடு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, அடுத்தவருடைய மடியில் ஜோடிகள் மறைவதைக் கேட்டுக்கொண்டே வருவேன். பார்க்க மாட்டேன். பார்த்தால் என் கண் தானாக அந்தத் திரையின் இடப்பக்கத்து ஓரத்துக்குப் போய்விடும், அப்புறம் வீடு போய்ச் சேரும்வரை மனம் சரியாக இருக்காது.

எனக்கு அந்த விளையாட்டு அறிமுகமானது பதினோரு வயதில், ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில், காதர் பாய் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சென்டர் என்றால் ஒரே அறை, அதில் நான்கு கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு ஒரு பூப்போட்ட திரைச்சீலை. உள்ளே நுழைந்ததும் ஊதுவத்தி வாசனையும், சூடேறிய மானிட்டரில் தூசு கருகும் வாசனையும் சேர்ந்து அடிக்கும். காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில் இவை இரண்டையும் அமுக்கிக்கொண்டு தொழிற்சாலைகளின் அழுகிய முட்டை நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு எங்கள் தெருவில் 'கம்பெனி காத்து' என்று பெயர். இன்றைக்கு இன்ன காற்று என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடும் ஊர் எங்களுடையது.

விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வந்து சேர்ந்தது. அம்மா காலை ஏழு மணிக்கே எண்ணூர் சாலையில் இருந்த 'எறா கம்பெனி'க்குப் போய்விடுவாள். ஏற்றுமதிக்குப் போகும் இறாலை உரித்து, அளவுவாரியாகப் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கும் வேலை. பெரியதையும் சிறியதையும் ஒரே பார்வையில் பிரிக்கிற அந்த வேலைக்குக் கண்தான் முதல் என்பதால், கம்பெனிக்கே மாதம் ஒருமுறை கண் டாக்டர் வந்து பெண்களைச் சோதிப்பார். அந்தக் கோடையில்தான் அம்மாவுக்கும் கண்ணாடி வந்தது. கறுப்பு ஃபிரேம். "வாத்தியாரம்மா மாதிரி கீறியே" என்று நைனா அவளைக் கேலி செய்துகொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடியைப் பற்றி இப்போது இவ்வளவு போதும்.

நைனாவுக்கு யார்டில் வேலை. துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னர்களை இறக்கி அடுக்கி வைக்கிற ஒரு தனியார் யார்டு. கன்டெய்னரை மேலிருந்து கவ்விப் பிடித்துத் தூக்கி, நான்கு ஐந்து அடுக்கு உயரத்துக்கு வைக்கிற ராட்சத வண்டி ஒன்று உண்டு, 'ஸ்டாக்கர்' என்பார்கள், அதை ஓட்டுகிறவர். அந்த வண்டியில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள், முதுகு நேராகிவிடும் என்று அவருடைய சிநேகிதர்கள் சொல்வார்கள். அப்போது அவருக்கு இரண்டாவது ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வேலை. காலை பத்தரைக்கு என்னை இட்டுக்கொண்டு தன் பழைய தோஸ்தான பாயின் கடைக்கு வருவார், மூலையில் இருந்த நான்காவது கம்ப்யூட்டர் எங்களுக்கு அரைமணி நேரம், கூட்டம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்.

விளையாட்டு ஒரு சிடியில் இருந்தது. பர்மா பஜாரிலிருந்து பாய் வாங்கி வந்தது, எழுத்தெல்லாம் சீன எழுத்து, அதனால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் 'ஜோடி கேம்' என்போம். பச்சைத் திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம்: அன்னாசி, குரங்கு, மாம்பழம், ஆமை, திராட்சைக் கொத்து. ஒரே படம் இருக்கும் இரண்டு கட்டைகளைத் தொட வேண்டும், ஆனால் அவற்றுக்கு நடுவே வேறு கட்டை மறிக்காத பாதை இருந்தால்தான் அவை மறையும். திரையின் உச்சியில் ஒரு பச்சைப் பட்டை. அதுதான் நேரம். நாம் யோசிக்க யோசிக்க அது குறுகிக்கொண்டே வரும், மஞ்சளாகும், சிவப்பாகும், பட்டை தீர்வதற்குள் கட்டைகள் தீராவிட்டால் ஆட்டம் காலி. நைனா அந்தப் பட்டைக்கு வைத்த பெயர் 'ஷிப்டு'. சிவப்பு வந்ததும், "ஷிப்டு முடியுது, ஜல்தி ஜல்தி" என்பார்.

முதல் நாள் எனக்குத் துணையாகத்தான் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பார்த்தவர் மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இது இன்னா பெரிய கேமு, நம்ம யார்டுதான் இது. நடுவுல கீறத எடுக்கணும்னா சுத்தி கீறத மொதல்ல காலி பண்ணணும்" என்றார். உண்மைதான், அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பதை எங்கே நகர்த்தி வைப்பது என்று பதினைந்து வருடமாக யோசித்துப் பழகிய மூளை அது. எந்த ஜோடியை இப்போது எடுத்தால் எந்த வழி திறக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. எங்கே ஜோடி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க மூலையில் ஒரு பல்பு படம் உண்டு, மூன்று முறை அழுத்தலாம். நைனா ஒருமுறைகூட அழுத்தியதில்லை. "யார்டுல எவன் வந்து பல்பு காட்டுவான்" என்பார்.

ஆனால் ஒரு விஷயம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், திரையின் இடது ஓரத்து இரண்டு வரிசைகளில் மட்டும் கட்டைகள் அப்படியே மிச்சம் இருக்கும். நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். அவர் கையை எடுத்துவிட்டுச் சாய்ந்துகொள்வார், நான் தாவி மவுஸைப் பிடித்து அந்த இரண்டு வரிசைகளையும் டிக், டிக், டிக் என்று காலி செய்வேன், கைதட்டும் சத்தத்தோடு அடுத்த கட்டம் வரும். எனக்காகத்தான் அதை விட்டுவைக்கிறார் என்று நான் நினைத்தேன். தட்டில் இருக்கும் பெரிய மீன் துண்டைத் தொடாமல் என் பக்கம் தள்ளி வைக்கிற மனிதர் வேறெப்படி விளையாடுவார்? அதற்கு 'பாப்பா லைன்' என்று நானே பெயரும் வைத்தேன். பாப்பா லைன் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்பது இப்போது புரிகிறது.

இதைக் காதர் பாய் கவனித்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாத் திரைகளிலும் ஒரு கண் வைத்திருப்பவர். ஒரு நாள் எங்கள் பின்னால் வந்து நின்று இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, நைனாவின் தோளில் கை வைத்து, "தோஸ்து, கண்ண ஒருதபா டாக்டராண்ட காட்டிக்கினு வந்துடு. அந்தாண்ட சைடே நீ பாக்க மாட்டேன்ற" என்றார். நைனா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நைனாக்கு ஒண்ணுமில்ல பாய். எனக்கோசரம்தான் வுடறாரு. அது பாப்பா லைனு" என்றேன். பாய் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் தெரிந்து சொன்ன பொய்களைவிட, உண்மை என்று நம்பிச் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை அதிகம் உறுத்தியிருக்கிறது.

மே மாத நடுவில் ஸ்டூல் உடைந்தது. இடப்பக்கத்துப் பலகைத் தடுப்பு சாய்ந்து அங்கே உட்கார இடமில்லாமல் போக, பாய் எனக்கு வலப்பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். அன்றைக்கு நைனா நல்ல வேகத்தில் இருந்தார். வலப்பக்கமும் நடுவும் காலியாகிவிட்டன. பாப்பா லைனில் பன்னிரண்டு கட்டைகள். அவர் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை, இடம் மாறி உட்கார்ந்ததில் நானும் தாவவில்லை.

"இன்னிக்கி லைனு எனக்கு வேணாம் நைனா, நீயே எடு" என்றேன்.

"இன்னா லைனு? அதான் முட்ஞ்சிச்சே. இன்னாத்துக்கு அடுத்தது வர மாட்டேன்து?"

டபாய்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டு அன்னாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தடுப்பு எதுவும் இல்லாமல், குழந்தைகூட எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன. பட்டை மஞ்சளாகி, சிவப்பாகி, தீர்ந்து, தோற்றுப்போன சத்தம் வந்தது. "மிசின் பேஜார் பண்ணுது" என்றார் நைனா. நான் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னாசி கீதே நைனா, அந்தாண்ட" என்று எழுந்து கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைத் தொடர்ந்து கழுத்தை முழுசாகத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் அவர் முகம் மாறியது. ஒவ்வொரு கட்டையாக விரலால் தொட்டு, பன்னிரண்டையும் எண்ணினார். பிறகு தலையை நேராக வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார். எங்களுக்கு இன்னும் கால்மணி நேரம் பாக்கி இருந்தது. ஆனால் அவர் எழுந்துகொண்டார்.

போகும் வழியில், மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் சுவர் நிழலில் நின்று, "உன் கைய எனக்கு லெப்ட்டாண்ட பின்னால வெச்சிக்கினு, மெதுவா முன்னால கொண்டா பாப்பா. தெரிஞ்சதும் சொல்றேன்" என்றார். நான் கையை மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன். காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் "இப்ப தெரியுது" என்றார். வலப்பக்கம் அப்படியில்லை, காதுப் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடும்போது இடப்பக்கத்துத் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு அம்மாவிடம் அவர் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. போன மாதம் யார்டில் விளக்குக் கம்பத்தை வண்டியால் உரசிவிட்டதாகவும், சூப்பர்வைசர் பார்க்கவில்லை என்றும் அப்போதுதான் சொன்னார்.

"அம்மாண்ட சொல்லாத" என்றார். "அவளுக்குத் தெரிஞ்சா எறா கம்பெனி பூரா தெரிஞ்சிரும். அங்க எங்காளுங்க பொண்டாட்டிங்க ரெண்டு பேரு வேல செய்யறாளுங்க. அடுத்த மாசம் மெடிக்கலு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா என்னிய யார்டு கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிருவானுங்க." வண்டியை விட்டு இறங்கினால் அவருக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது. பதினோரு வயதில் எனக்கு அது நன்றாகவே விளங்கியது, அதனால் தலையாட்டினேன்.

அது நோய் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை அதுதான். வண்டி ஓட்டுகிறவர்கள் எதையும் வண்டியாகத்தான் பார்ப்பார்கள். "லெப்ட்டு மிரரு ஒடஞ்சிபோச்சுன்னா இன்னா பண்ணுவ? வண்டிய நிறுத்திருவியா? தலைய திருப்பிப் பாத்து ஓட்டுவ. அவ்ளோதான்" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கண் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது, பழக்கினால் வழிக்கு வந்துவிடும் என்று நானும் நம்பினேன். மறுநாள் காலை மறுபடியும் நான்காவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம்.

அந்த ஒரு மாதம் நாங்கள் ஆடியது விளையாட்டே அல்ல. ஆட்டம் தொடங்கியதும் முதலில் இடது ஓரம், பிறகு நடு, பிறகு வலது, மறுபடி இடது ஓரம், இதுதான் நான் போட்ட சட்டம். அவர் மறந்தால் தொடையில் ஒரு தட்டு. "லெப்ட்டு பாத்தியா?" என்று நான் கேட்க, "பாத்தேன்" என்று அவர் சொல்ல, பாய் கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் வாரம் முழுக்கத் தோல்விதான். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் நேரம் போய்விடும், பட்டை பாதியிலேயே சிவந்துவிடும். இரண்டாவது வாரத்தில் கழுத்து பழகியது. மூன்றாவது வாரத்தில் இடப்பக்கத்து வரிசைகள்தான் முதலில் காலியாயின. பாப்பா லைன் என்ற ஒன்று இல்லாமல் போனது. ஜெயித்தபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என் பங்கு போய்விட்டது போலவும் இருந்தது.

மெடிக்கலுக்கு வேறு தயாரிப்பு. யார்டு டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சோதனைக்கு உள்ளே போய் வருகிறவன், வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுத்துப் பலகையின் கடைசி மூன்று வரிகளை ஒப்பித்துவிட்டுத்தான் போவான். வருடா வருடம் அதே பலகை. கன்டெய்னர் எண்களைப் படித்துப் படித்து ஆங்கில எழுத்துகள் அவர்களுக்கு மனப்பாடம், அதனால் அதுவும் ஒரு கன்டெய்னர் எண் போல மனதில் உட்கார்ந்துவிடும். பலகைக்குப் பிறகு டாக்டர் எதிரில் உட்கார்ந்து, "என் மூக்கையே பாரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். அதிலும் மாற்றம் கிடையாது, முதலில் வலப்பக்கம் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு இடப்பக்கம் ஐந்து, இரண்டு. இதுவும் எல்லாருக்கும் தெரியும். நைனாவுக்கு வந்த ஒரே சிக்கல், மூக்கைப் பார்த்துக்கொண்டே, தெரியாத விரல்களுக்குச் சரியான நேரத்தில் பதில் சொல்வது.

வீட்டில் அம்மா வருவதற்குள் ஒத்திகை நடக்கும். நான் டாக்டர். கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என் மூக்க பாரு" என்பேன். அவர் என் மூக்கைப் பார்ப்பார். வலது முடிந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு "அஞ்சு" என்பார், மறுபடி எண்ணிவிட்டு "ரெண்டு" என்பார். சில சமயம் நான் இடப்பக்கத்தில் விரலையே காட்டாமல் சும்மா இருப்பேன், அவர் அப்போதும் "அஞ்சு" என்பார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரும் சிரிப்பார். ஒருநாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். புதுக் கண்ணாடியோடு வாசலில் நின்று, "இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். "டாக்டர் வெளாட்டு" என்றேன் நான்.

நைனா பாஸாகிவிட்டார். அன்று மதியம் தெருமுனையிலேயே நின்று இரண்டு கட்டை விரல்களையும் தூக்கிக் காட்டினார். நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பாயிடம் ஒன்றும் சொல்லாமல், மூன்றாம் பேருக்குத் தெரியாமல், நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாக ரொம்ப நாள் எனக்குப் பெருமை இருந்தது.

அடுத்த மூன்று வருடம் அவர் ஸ்டாக்கர் ஓட்டினார். ஒவ்வொரு ஜூனிலும் அதே பலகை, அதே விரல்கள். இருபது டன், முப்பது டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அந்த வண்டியின் இடப்பக்கத்தில் ஆட்கள் நடந்திருப்பார்கள், பீடி பற்றவைக்க நின்றிருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்று தெரிகிற வயது எனக்குப் பின்னால்தான் வந்தது. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு காலையில் வீட்டு வாசலில் நின்றிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியின்மேல் நைனா நேராகப் போய் மோதி விழுந்தார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அம்மா பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், துணைக்கு நானும் போனேன். கண்ணில் பிரஷர், உள்ளே இருக்கும் நரம்பு பெரும்பாலும் செத்துவிட்டது என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நைனா இடப்பக்கமாகக் கையை நீட்டித் துழாவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசமாத்தாம்மா" என்றார்.

"ஒரு மாசத்துல இவ்வளவு போகாதுங்க. மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா, சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம். போனது இனிமே திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

அவர் பிடி தளரவே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பொய்யைத் தனக்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்காகச் சொன்னார். எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். மிச்சம் இருந்த பார்வையும் முழுதாக நிலைக்கவில்லை. இப்போது அவருக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்தால். அம்மா இன்னும் பத்து வருடம் இறால் உரித்தாள். நான் படித்து, வேலைக்கு வந்து, காகிதத்துக்கும் திரைக்கும் ஜோடி சேர்க்க உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள் என்று அந்த டாக்டரம்மாதான் சொல்லியிருந்தார். தவறாமல் போகிறேன். போன வியாழக்கிழமையும் போனேன். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால் தாடையை வைத்து உட்கார வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி, அதை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மின்னினால், கண்ணை அசைக்காமல் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கும்போது அதுவும் 'டிக்' என்கிறது.

"மேடம், கண்ணு லெஃப்ட் சைடு போய்க்கிட்டே இருக்கு. நடுவுல பாருங்க" என்றாள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண். இரண்டாவது முறையும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை, கொஞ்சம் சலிப்போடு, "ஏன் மேடம், லெஃப்ட்ல எதையாவது தேடுறீங்களா?" என்று கேட்டாள். வருடா வருடம் எப்படியோ கண்ணை அடக்கி உட்கார்ந்துவிடுவேன், அன்றைக்கு எனக்கு உடம்பும் மனமும் களைத்துப்போயிருந்தன. கடைசியில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் ஒரு ஓரத்தில் சந்தேகமாக இருக்கிறது, களைப்பாகவும் இருக்கலாம், அடுத்த வாரம் ஓய்வாக வந்து மறுபடியும் செய்யுங்கள் என்றார்.

திருவொற்றியூரில் இறங்கி நடந்தேன். பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. பாய் இறந்துபோய்ப் பல வருடமாகிறது. வீட்டில் நைனா ஜன்னல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து குழம்புக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கால் கிலோ இறாலைக்கூட அவளுக்குப் பெரிசு சிறிசு என்று இரண்டு குவியலாகப் பிரிக்காமல் இருக்க முடியாது. நான் நைனாவுக்கு இடப்பக்கத்தில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் நைனா.

ஒன்றும் இல்லை என்ற பதில் ரயிலிலேயே தயாராகிவிட்டது. அதைச் சொல்லவில்லை. "ஒரு கண்ணுல சந்தேகம்னாங்க. மறுபடியும் வரச் சொன்னாங்க" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "எவ்ளோ நாளா?" என்றாள்.

"என்னுது தெரியலம்மா" என்றேன். "நைனாவுது எவ்ளோ நாளா இருந்துச்சுன்னு தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அன்னாசியை, எழுத்துப் பலகையை, டாக்டர் விளையாட்டை, ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன ஒரு மாசத்தை. இருபத்து மூன்று வருடத்துக் கதையைச் சொல்லக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பாதியில் நைனா, நான் கற்றுக்கொடுத்தது போலவே, கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பி என் முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் தோள்பட்டைத் துணியில் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எங்க கம்பெனிக்கு மாசாமாசம் கண்ணு டாக்டர் வந்துகினு இருந்தாரே" என்றாள். "வூட்டாளுங்கள இட்டாரலாம்னு ஒவ்வொரு தபாவும் சொல்வாங்களே. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா, யார்டுக்காரன் ஒருத்தனுக்கும் தெரியாம நானே காட்டிருப்பேனே."

அந்தக் கண்ணாடி அந்தக் கோடை முழுக்க அவள் மூக்கின்மேல்தான் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை வைத்துக் கேலிகூடச் செய்தோம். அவளிடமே சொல்லிப் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

எறா கம்பெனியும் இப்போது இல்லை. அதை இடித்து, தரையைக் கெட்டிப்படுத்தி, கன்டெய்னர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது நான் இடப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால், அது முழுதும் தெரியும்.